அந்த மாமியாருக்கு மனசு கிடையாது

கொரியாக்காரர்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள் அங்கே செய்கிற ஒரு காரியத்தை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வளர்த்த பெண்ணைக் கட்டிக்கொடுத்து, கையில் ஒரு பெட்டியையும் கொடுத்து, மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவளுக்கென்று ஒரு வீடு எழுதி வைக்க வேண்டாமா? கீழக்கரையில் எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து இறங்குவார். என் உம்மாவுக்கு அவள் உம்மா கொடுத்த வீட்டில் நான் பிறந்தேன். அதே வீட்டில்தான் என் ஒற்றை மகள் இஃப்ராவும் இருக்கிறாள். மாமியார் கொடுமை என்றால் என்னவென்று நாங்கள் டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஊரடங்கு சமயத்தில் இஃப்ராதான் இந்த வெளிநாட்டு நாடகங்களைப் பார்க்கப் பழக்கிவிட்டாள். அவள் விட்டுவிட்டாள், நான் விடவில்லை. லுஹர் தொழுது, சோறு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் அஸர் பாங்கு சொல்வதற்குள் இரண்டு எபிசோடு ஓடிவிடும். எல்லா நாட்டையும் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். சீனாவில் ஒருத்தன் ஆயிரம் வருஷமாக ஒருத்தியையே விரும்புகிறான், வாளோடு ஆகாயத்தில் பறக்கிறான், அறுபது எபிசோடு முடிந்தும் நிக்காஹ் நடந்தபாடில்லை. முன்னே நின்று பேசி முடிக்கப் பொறுப்பான ஒரு மாமா அந்தக் குடும்பத்தில் இல்லை, அதுதான் காரணம். ஜப்பான்காரர்கள் பத்தே எபிசோடில் முடித்துவிடுவார்கள். அதில் எட்டில் ஆளுக்கொரு ஜன்னலோரம் நின்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

குடும்பமாக உட்கார்ந்து பார்க்கக் கொரியாதான் லாயக்கு. அவர்களிடமும் குறை உண்டு. மழை வரும் என்று தெரிந்தும் ஒருத்தரும் குடை எடுத்துப் போவதில்லை. லேசாக உடம்பு சுட்டாலே குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். இதில் மட்டும் அப்படியே நம் ஊர்க்காரர்கள்தான். அந்தப் பச்சைப் பாட்டில் சாராயம் வரும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். குடித்துவிட்டு அழுதுகொண்டே அவர்கள் சொல்லும் உண்மை காதில் விழுந்தால் அது என் குற்றமில்லை.

இப்போது சொல்ல வந்தது தமிழில் டப் செய்த ஒன்றைப் பற்றி. பேக்கரியில் வேலை பார்த்த பெண் ஒரு கம்பெனி முதலாளியின் மகனைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கு வருகிறாள். மாமியார்க்காரி முத்துமாலையைப் போட்டுக்கொண்டு நீளமான ஒரு மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்து டீ குடிப்பாள். வேறு வேலை கிடையாது. மருமகளிடம் நேராகப் பேசமாட்டாள். மகனிடம் சொல்வாள், அது அவள் காதில் விழவேண்டும். கதவைத் தட்டாமல் அவர்கள் அறைக்குள் போவாள். ஏதாவது எதிர்த்துச் சொன்னால் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்வாள். எனக்கு ரத்தம் கொதிக்கும். “மனுசியாடி நீ!” என்று டிவியைப் பார்த்துக் கத்துவேன். எங்கள் வீட்டில் வேலை செய்கிற சோணையம்மாள் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடி வருவாள்.

என் மாப்பிள்ளை ஷாகிர் தொண்டிக்காரர். ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கல்யாணமாகி ஏழு மாதம். தங்கமான பிள்ளை. அவரிடம் நான் நேருக்கு நேர் பேசுவதில்லை, அது மரியாதை. சொல்ல வேண்டியதை இஃப்ராவிடம் சொல்வேன், அவர் காதில் விழும். “மீன் தலைய வச்சிட்டு எந்திரிக்கிறாகளே, தொண்டியில மீனே கெடைக்காதா புள்ள?” என்பேன். மறுநாள் தலையையும் சாப்பிட்டுவிடுவார். என் பழைய பீரோ அவர்கள் அறையில் இருப்பதால் நான் அடிக்கடி உள்ளே போகவேண்டியிருக்கும். என் வீட்டுக் கதவை நான் எதற்குத் தட்ட வேண்டும்?

மூன்று மாதமாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ராமநாதபுரத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார், இஃப்ராவைக் கூட்டிப்போக அவருக்கு ஆசை.

“ராமநாதபுரமா! அம்புட்டுத் தூரத்துலயா?” என்றேன்.

“பஸ்ல முக்கா மணி நேரம் உம்மா” என்றாள் இஃப்ரா.

அவள் வாப்பா சீனி முகம்மது துபாயில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறார். அது தூரமில்லை, வேலை. பெண் போவது வேறு. காலையில் எழுந்து “உம்மா” என்று கூப்பிட ஆளில்லாத வீட்டில் நான் மட்டும் என்ன செய்வேன்? பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். பேச்சும் நின்றது.

பன்னிரண்டாவது எபிசோடில் அந்தக் கொரியாப் பெண்ணின் தாய் ஒரு கிம்ச்சி ஊறுகாய் ஜாடியைத் துணியில் கட்டிச் சுமந்துகொண்டு பஸ் ஏறி வருகிறாள். மகளுக்குப் பிடிக்குமே என்று தன் கையால் போட்டது. மாமியார் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் டிரைவரிடம் கொடுத்துவிடச் சொல்கிறாள். மாடிப்படியில் நின்று மகள் அதைப் பார்க்கிறாள். அன்றைக்கு நான் அழுத அழுகையில் அஸர் பாங்கே காதில் விழவில்லை. அதே வாரம் எங்கள் சம்பந்தி, மாப்பிள்ளையின் உம்மா ஜுனைதாவும் தொண்டியிலிருந்து இறால் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டிருந்தாள். எண்ணெய் மிதந்தது, உப்பும் கூட. சோணையம்மாளிடம் கொடுத்துவிட்டேன். அவள் பாட்டிலோடு வாசற்படி இறங்கும்போது டூட்டி முடிந்து மாப்பிள்ளை எதிரே வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். தங்கமான பிள்ளை என்று சொன்னேனே.

பதினான்காவது எபிசோடு ஓடியபோது அவருக்கு விடுமுறை. என்றைக்கும் இல்லாத வழக்கமாக ஹாலுக்கு வந்து ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தார். டிவியில் அந்தப் பெண் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். போவதா, இருப்பதா என்று இசை மட்டும் ஐந்து நிமிஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

“மாமி” என்றார். என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு. “இந்தப் புள்ள போவணுமா, இருக்கணுமா?”

நாடகத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. மரியாதையெல்லாம் மறந்துபோயிற்று.

“போவணும் மாப்பிள்ளை! இன்னும் ஒரு நாள் அந்த வீட்டுல இருந்தா அவ பைத்தியமாப் போயிருவா. நாம பேசுறது எதுக்கும் மதிப்பில்லாத எடத்துல என்ன இருப்பு? அவ மட்டும் போனாப் பத்தாது, கட்டுனவனையும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவணும்.”

“பெத்தவுக அழுவாகளே மாமி?”

“அழுவட்டும். மூணு நாளைக்கு அழுவாக, பொறகு சோறு தன்னால எறங்கும்.”

“அந்த அம்மா மனசு கஷ்டப்படாதா?”

“அவளுக்கு மனசுன்னு ஒண்ணு இருந்தாத்தானே!”

“சரி மாமி” என்றார். எழுந்து அறைக்குள் போய்விட்டார். இவ்வளவு புத்திசாலித்தனமாகக் கதை கேட்கிற பிள்ளையை இத்தனை நாள் பேசாமல் வைத்திருந்தோமே என்று வருத்தப்பட்டேன்.

மறுநாள் காலை ஹாலில் இரண்டு பெட்டி இருந்தது.

“நீங்கதான் போகச் சொன்னீகளாமே உம்மா” என்றாள் இஃப்ரா. அவள் கண்ணில் கண்ணீர் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. எது அதிகம் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையை இறக்கிவிட்டேன். துபாய்க்குப் போன் போட்டு அழுதேன். கேட்டு முடித்ததும், “தீர்ப்புச் சொன்னது நீதானே மெஹருன்னிசா?” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

மூன்று நாள் கணக்கு எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பதினைந்தாவது எபிசோடைப் போட்டேன். மாமியார் தனியாக உட்கார்ந்து டீ குடிக்கிறாள். மேசை ரொம்ப நீளமாக இருந்தது. அந்தப் பாவிக்காக அழுதேன். எனக்கே பிடிக்கவில்லை, டிவியை நிறுத்திவிட்டேன்.

பத்தாம் நாள் இறால் வாங்கி ஊறுகாய் போட்டேன். ஞாபகமெல்லாம் வேறெங்கோ இருந்ததில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. கிளம்பும்போதுதான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, என்ன செய்ய? ஜாடியைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு ராமநாதபுரம் வரை போனேன். அவர்கள் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிய பிறகுதான், நான் எந்த எபிசோடில் நிற்கிறேன் என்று எனக்கு உறைத்தது. திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் மாப்பிள்ளை கதவைத் திறந்துவிட்டார்.

“வாங்க மாமி” என்று ஜாடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இஃப்ரா சோறு போட்டாள். அடுக்களை மேடையில் தொண்டியிலிருந்து வந்த வேறொரு இறால் ஊறுகாய் பாட்டில், பாதி காலியாக இருந்தது. மாப்பிள்ளை என் ஜாடியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்துப் போட்டுப் பிசைந்து வாயில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

“உப்பு எப்படி இருக்கு மாப்பிள்ளை?” என்று நேராகவே கேட்டேன்.

“சரியா இருக்கு மாமி.”

இன்னொரு கரண்டியும் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்து என் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.