முதல் காரில் என் பெயர் இல்லை

இப்போதெல்லாம் யார் எதை நீட்டினாலும் ஜனங்கள் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒரு தொப்பி, ஒரு டோனட், போதும். எதற்கு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். பெயரை எழுதவே எனக்கு நேரமாகும். அதனால் கண்ட இடத்தில் அதை எழுதுவதில்லை.

எங்கள் ஃபிளின்ட் ஊர் கார் ஆலையில் ஆகஸ்ட் வந்தால் பழைய வருஷத்து மாடல் முடியும். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கார் பூட்டுகிற லைனைப் பிரித்து, புது வருஷத்து மாடலுக்கு மாற்றுவார்கள். அதற்கு முன், கடைசிக் காரில் நாங்கள் பெயர் எழுதுவோம். டேஷ்போர்டுக்குப் பின்னால், தகரத்தில், சாக்பீஸால். வாங்குகிறவன் கண்ணில் என்றைக்கும் படாது. இந்தத் தடவை என்கூட வேலை பார்க்கும் எர்லின் எங்கள் இருவர் பெயரையும் எழுதி, அடியில் 'போய்ட்டு வர்றோம்' என்று போட்டாள். அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம், டேஷ்போர்டைத் தூக்கி அதன் மேல் மூடித் திருகினோம். வருஷக்கணக்காக அப்படித்தான். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

திரும்பக் கூப்பிட்டார்கள், வந்தேன். வலப்பக்கத்தில் எர்லின் இல்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புக் கை ஒன்று நின்றது.

ஃபோர்மன் டொம்ப்ரவ்ஸ்கியைப் பிடித்தேன். "எர்லின் எங்கப்பா?"

"புது டேஷ்போர்டு ஒரே துண்டு, கிளியோஃபஸ். அந்தக் கையே தூக்கிக்கும். ஒரு ஆள் போதும்."

"தூக்கட்டும். அவளுக்கு வேற வேலை குடு. முப்பது வருஷம் முடிஞ்சாத்தானே முழு பென்ஷன்? அவளுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி."

"மேல சொல்லியிருக்கேன்."

"மேலன்னா? கூரைகிட்டயா?"

அன்று மதியம் முதல் கார் லைனை விட்டு இறங்கியது. ஹாட் டாக், புது மாடல் வருஷம் அச்சடித்த தொப்பி, பத்திரிகைக்காரனின் கேமரா. பானட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். வயதில் மூத்தவன் நான்தான் முதலில். யாரோ என் தலையில் தொப்பியை மாட்டினார்கள். ஆலை மேலாளர் பேனாவை நீட்டினார்.

"எர்லின் வருவாளா?" என்றேன்.

"யாரு?"

டொம்ப்ரவ்ஸ்கி அவர் காதில் ஏதோ சொன்னான்.

"ஓ. கண்டிப்பா கவனிக்கிறோம் பெரியவரே. நாம எல்லாம் ஒரே குடும்பம்."

"எங்க குடும்பத்துல ஒரு ஆள் குறைஞ்சா, சோத்துல கை வைக்கறதுக்கு முன்னாடியே தேடுவோம்."

பின்னாலிருந்து ஒருத்தன், "சீக்கிரம் போடு பெருசு, ஹாட் டாக் ஆறுது" என்றான். சிரித்தார்கள். தொழிற்சங்கத்து ஆளும் வாய் நிறைய மென்றுகொண்டே சிரித்தான்.

பேனாவை அவரிடமே திருப்பி நீட்டினேன். "நீங்க முதல்ல எழுதுங்க. 'எர்லின் புரூயிட் திங்கக்கிழமை வேலைக்கு வருவா'ன்னு. அதுக்குக் கீழ நான் போடறேன்."

சிரிப்பு நின்றது. மேலாளரின் கழுத்து சிவந்தது. கேமராவைப் பார்த்தார், பேனாவை வாங்கினார், குனிந்து பெரிய எழுத்தில் எழுதினார். 'திரும்பி வரும் அனைவருக்கும் நல்வரவு.' எல்லோரும் கைதட்டினார்கள்.

டொம்ப்ரவ்ஸ்கி என் முழங்கையைப் பிடித்தான். "அனைவரும்னா அதுல அவளும்தானேய்யா. போட்டுடு, என் மானத்தை வாங்காதே."

"அதுல அவளும் உண்டுன்னா, அவ பேரை எழுத ஏன் கை வரலே?"

"திங்கக்கிழமை வந்துடுவா. நான் சொல்றேன்ல."

மனசாரத்தான் சொன்னானோ என்னவோ. கெட்டவன் இல்லை. ஆனால் வேலைக்குத் திரும்பக் கூப்பிடுகிறவன் அவன் இல்லையே.

"வரட்டும். வந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே போடறோம்."

"அதுக்குள்ள கார் ஷோரூமுக்குப் போயிடும்யா."

"போகட்டும்."

தொப்பியைக் கழற்றி பானட்டில் வைத்தேன், அந்த நல்வரவின் மேலேயே. மறுபடி பின்னால் கைதட்டல் கேட்டது. அடுத்தவன் கையெழுத்துப் போடுகிறான் போல. நான் லைனில் என் இடப்பக்கத்துக்கு நடந்தேன்.