நான் பள்ளிக்கூடப் பொடியன் இல்லை

"இஞ்சருங்கோ, அங்க போய்க் கத்தாதையுங்கோ. டொக்டர் கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ," என்று என் மனைவி கமலநாயகி வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் கத்துகிற ஆள்தான். ஜெர்மனிக்கு வந்து, கெல்சென்கிர்ச்சனில் லாகர் லாகராக, சாமான் அடுக்குகிற கிட்டங்கிகளில், பெட்டி தூக்கினவன் வேறு எப்படி இருப்பான்? ஆனால் அவள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. ஊரில் பட்ட பழைய துப்பாக்கிச் சூட்டுக் காயம் இடது தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறிவிட்டது. தேத்தண்ணி கொதிக்கும் வரைக்கும்கூட என்னால் நிற்க முடியாது. வேலை போய்விட்டது. சுகவீனக் காசும் முடியப்போகிறது. கமலநாயகி விடியக் காலையில் ஓர் அலுவலகமும் பின்னேரம் ஒரு பள்ளிக்கூடமும் துடைக்கிறாள். அவளுடைய வலது கைவிரல்கள் இப்போது மடங்குவதில்லை. வேலை செய்ய இயலாதவனுக்கு இந்த நாடு கொடுக்கிற பென்சன் எனக்குக் கிடைத்தால் அவள் ஒரு வேலையையாவது விடலாம். அதற்குப் பென்சன் கந்தோர் சொன்ன டொக்டர் என்னைச் சோதித்து எழுத வேண்டும். அன்றைக்குத்தான் அதற்குக் குறித்துத் தந்த நாள், அந்த டெர்மின்.

போனால், கந்தோர் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர் கோட்டும் சூட்டுமாகக் காத்திருக்கிறார். யாரென்று பார்த்தால், ஆனந்தராசா!

ஆனந்தராசாவைத் தெரியாத தமிழர் இந்தப் பக்கத்தில் இல்லை. பெரிய இயக்கத்தின் ஆள். சண்டைக் காலத்தில் மாதம் தவறாமல் வீடு வீடாக வந்து 'பங்களிப்பு' வாங்கினவர். நானும் கொடுத்தேன். என் காலில் சுட்டது அந்த இயக்கம்தான். அதே காலில் நின்று உழைத்த காசை அவர்களுக்கே, தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் ஒரு கலியாண வீட்டுக்கும் கூப்பிடமாட்டார்கள் என்று கமலநாயகி அழுததால் கொடுத்தேன். அந்த வெட்கம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

"வாங்கோ பரராசசிங்கம் அண்ணை," என்றார் பல்லெல்லாம் தெரிய. "நான் இருக்கிறன், ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ."

அவர் இருக்கிறதுதானே எனக்கு யோசனை!

டொக்டர் உயரமான, நரைத்த பெண். சிரிக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. காயம் எப்படி வந்தது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. மறுமொழிக்குத்தான் என் ஜெர்மன் காணாது. பெட்டி தூக்கப் படித்த ஜெர்மனில் இதைச் சொல்ல முடியாது. ஆகவே தமிழில் சொன்னேன்.

"நான் சின்ன இயக்கம் ஒண்டில இருந்தனான். யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள ஆமி. அது வெளிய வராமல் சுத்திவர எங்கட சென்றிக் காவல். மண்மூட்டைக்குப் பின்னால நானும் செல்வராசாவும். ஷெல் அடிச்சாலும் அதுதான் இடம், மழை பெஞ்சாலும் அதுதான். சனம் பொதி கட்டிச் சோறு தரும். நாங்கள் நிண்டபடியாத்தான் அதுகள் வீட்டில படுத்தெழும்பினதுகள். ஒருநாள் விடிய, பெரிய இயக்கத்துப் பெடியள் வான் வண்டியில வந்து இறங்கினாங்கள். முகம் தெரிஞ்ச பெடியள். தேத்தண்ணி குடிக்க வந்திருக்கிறாங்கள் எண்டு செல்வராசா எழும்பினவன். துவக்கைப் போடச் சொன்னாங்கள். போட்டம். முழங்காலில இருக்கச் சொன்னாங்கள். இருந்தம். செல்வராசாவுக்குத் தலையில. எனக்குத் தொடையில. அதோட அவங்கட துவக்கு இறுகிப்போச்சு. அதாலதான் இண்டைக்கு உங்களுக்கு முன்னால இருக்கிறன்."

சொல்லி முடிக்க எனக்கு மூச்சு வாங்கியது. ஆனந்தராசா தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெர்மனில் சொன்னார். இரண்டு வாக்கியம் இருக்குமோ என்னவோ. ஷூலர் என்றார். ஃபாராட் என்றார். ஆர்மே என்றார்.

எனக்கு இது விளங்காதென்று நினைத்துவிட்டார் போலும். பள்ளிக்கூடப் பொடியன், சைக்கிளில் போனான், ஆமி சுட்டது! என் சென்றியும் போச்சு, செல்வராசாவும் போனான்.

"என்ன காணும் சொல்லுறீர்? நான் எப்ப பள்ளிக்கூடம் போனனான்?"

"அண்ணை, மெல்லக் கதையுங்கோ," என்று அவர் தமிழில் குனிந்து குசுகுசுத்தார். "இயக்கம், துவக்கு எண்டால் இவை வேற மாதிரி எழுதிப்போடுவினம். பென்சன் போயிடும். கமலாக்காவை நினையுங்கோ. அதைவிட, தமிழனைத் தமிழன் சுட்டதெண்டு வெள்ளைக்காரிக்கு ஏன் சொல்லுவான்? எங்கட மானமெல்லோ."

மானமாம்! யாருடைய மானம்? ஆனாலும் கமலநாயகியின் பெயரைச் சொன்னதும் என் வாய் கட்டிப்போச்சு. அந்த மடங்காத விரல்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்படி இருந்ததற்கு என்னையே செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது.

டொக்டர் உடுப்பைக் கழற்றிப் படுக்கச் சொன்னார். தொடையை அழுத்தினார், காலை மடக்கினார், நீட்டினார். குண்டு உள்ளே போன வடுவையும் வெளியே வந்த வடுவையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே படங்களை எடுத்து வைத்துப் பார்த்தார். அவருடைய முகம் மாறிவிட்டது. கதிரையில் இருந்து கொம்பியூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, ஆறுதலாக, எனக்கே விளங்குமாறு கேட்டார்.

"இது சைக்கிளில் போனவருக்குப் பட்ட காயம் இல்லை. குண்டு மேலேயிருந்து கீழே போயிருக்கிறது. நீங்கள் சொன்னதும் காயமும் பொருந்தவில்லை. அப்படியென்றால் வலியைப் பற்றிச் சொன்னதை மட்டும் நான் எப்படி நம்பி எழுதுவது?"

ஆனந்தராசா இதை மொழிபெயர்க்கவே இல்லை. சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கண்கடை தெரியாமல் கோபம் வந்தது. பென்சனைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, என்னைப் பொய்யனாக்கி, அந்தப் பென்சனுக்கே குழி தோண்டிவிட்டான்! உள்ளுடுப்போடு கட்டிலை விட்டு இறங்கினேன்.

"நான் ஷூலர் இல்லை!" என்று டொக்டரைப் பார்த்துக் கத்தினேன். "ஃபாராட் இல்லை! ஆர்மே இல்லை! தமிழ்! தமிழ்!" அதற்குமேல் ஜெர்மன் வரவில்லை. திரும்பினேன். "சொல்லடா! செல்வராசா எழும்பினதில இருந்து ஒண்டும் விடாமல் சொல்லு. உன்ர மானத்துக்காக என்ர மனுசி சாகும்வரைக்கும் நிலம் துடைக்க வேணுமோ?"

நான் அவரை 'நீ' என்றது அதுதான் முதல்தரம். அவர் கோபிக்கவில்லை. முகம் சாம்பலாகிப் போயிருந்தது.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நடந்தது தெரிந்துவிட்டது. "நோயாளி சொன்னதை முழுதாகச் சொல்லுங்கள். ஒன்றும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதற்குத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்," என்றார்.

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினேன், ஆனந்தராசா அதைச் சொல்லும்வரைக்கும் அடுத்ததைச் சொல்லவில்லை. மண்மூட்டையைச் சொன்னார். சோற்றுப் பொதியைச் சொன்னார். வான் வண்டியைச் சொன்னார். முழங்காலில் இருந்ததைச் சொன்னார். சுட்டது யார் என்று டொக்டர் கேட்டார். நான் இயக்கத்தின் பெயரைச் சொன்னேன். ஆனந்தராசா கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டு அந்தப் பெயரையும் சொன்னார். டொக்டர் எழுத்தெழுத்தாகக் கேட்டுத் தட்டினார்.

"இப்போது பொருந்துகிறது," என்றார் டொக்டர். "முடிவு கந்தோர் எடுப்பது. ஆனால் இந்தக் காலோடு உங்களை ஒருவரும் லாகருக்கு அனுப்ப முடியாது. அதை நான் எழுதுவேன்."

உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கமலநாயகிக்கு ரெலிபோன் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் அழுவாள், நானும் அழுதாலும் அழுவேன். அதற்குள் ஆனந்தராசா படிக்கட்டில் பின்னால் ஓடிவந்தார்.

"அண்ணை, பென்சன் வரும். சந்தோசம்தானே? கோயிலடியில ஆரும் கேட்டால் ஆமி சுட்டதெண்டே இருக்கட்டும். இவ்வளவு காலமும் அப்பிடித்தானே சொன்னனீங்கள்."

"உள்ள ஜெர்மனில சொன்னனீதானே," என்றேன். "இப்ப தமிழில சொல்லு. செல்வராசாவை ஆர் சுட்டது? ஒருக்காச் சொல்லு. எனக்கு மட்டும்."

அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். படிக்கட்டில் ஒருவரும் இல்லை. வாயைத் திறந்தார். அந்தப் பெயரின் முதல் எழுத்து உதட்டுவரைக்கும் வந்ததை நான் கண்டேன்.

"ஏலாது, அண்ணை," என்றார்.