சாவடியில் விட்ட நிழல்

எலோய் எழுந்து கோழிகளைத் திறந்துவிட்டான். காப்பிக்குத் தண்ணீர் வைத்தான். முகம் மழித்தான். வெள்ளைச் சட்டையை இரண்டாம் முறையும் இஸ்திரி போட்டான். கசங்கிய சட்டை போட்ட கறுப்பனைத்தான் சோதனைச் சாவடியில் முதலில் வண்டியிலிருந்து இறக்குவார்கள். அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பையில் வைத்தான். மனைவி யெசேனியா செத்த அன்றும் அவை இருந்தன.

யெசேனியாவின் உடலைப் புதைத்தாகிவிட்டது. நிழல் இன்னும் வரவில்லை. செத்த இடத்திலேயே அது கிடக்கும். ஒன்பதாம் நாள் வீட்டார் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, துணியில் ஏந்தி வந்து கல்லறையில் சேர்க்க வேண்டும். அவள் செத்தது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், குடியேற்றச் சோதனைச் சாவடியின் வாதுமை மரத்தடியில்.

இன்று ஒன்பதாம் நாள். அவள் தம்பி சானோ வண்டி ஓட்டினான்.

"மச்சான், அங்க போயி பேரக் கூப்பிடுறதோட நிறுத்திக்க. நீ ராகம் இழுத்தின்னா அக்கா நிழலு எந்திரிச்சு ஓடிரும்."

"ரோட்டப் பாத்து ஓட்டுடா," என்றாள் மாமியார் ரூஃபினா.

எலோய் சிரிக்கப் பார்த்தான்.

"அத்தை, நான் வண்டியிலயே இருக்கட்டுமா? நீங்க கூப்பிட்டா வராதா?"

"பெத்தவ கூப்பிட்டா பாதிதான் வரும், மாப்ள. கட்டுனவன் கூப்பிடணும்."

சாவடிக்குப் பின்னால் கம்பி போட்ட வேன் கதவு திறந்தபடி நின்றது. போன வருஷம் பக்கத்து வீட்டு நாத்தோவை அதில்தான் ஏற்றினார்கள். எல்லைக்கு அப்பால், யாரையும் தெரியாத ஊரில் இறக்கிவிட்டார்கள்.

ரூஃபினா மரத்தடியில் வெள்ளைத் துணியை விரித்து மெழுகுவத்தி ஏற்றினாள். எலோய் இறங்கினான். அதிகாரி ஒருவன் வந்துவிட்டான். அன்றைய ஆள் இல்லை.

"எங்கருந்து?"

"இங்கதான் சார். சான் ஹசிந்தோ."

"மெக்சிகோவுல ஏதுய்யா இந்த நிறத்துல ஆளு? ஹோண்டுராஸா, ஹைத்தியா?" அட்டையை வாங்கி நகத்தால் சுரண்டினான். "இத யாரு வேணும்னாலும் அச்சடிக்கலாம். எங்க, தேசிய கீதம் பாடு பாப்போம்."

எலோய் மரத்தடிப் பக்கம் திரும்பினான். ரூஃபினா மண்டியிட்டபடி அவனையே பார்த்தாள்.

"யெசேனியா," என்றான். பாதிச் சத்தம்தான் வந்தது.

"இதுவா பாட்டு?"

"யெசேனியா. எந்திரி. வீட்டுக்குப் போலாம்."

வரிசையில் நின்ற பேருந்தின் ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அதிகாரி மெழுகுவத்தியைப் பார்த்தான். பிறகு மரத்தைப் பார்த்தான். எலோய் இன்னொரு முறை கூப்பிட்டான். இந்த முறை சாலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

ரூஃபினா துணியின் நான்கு முனைகளையும் சேர்த்து மடித்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். அட்டை இன்னும் அதிகாரியின் கையில் இருந்தது.

அன்றும் இப்படித்தான் நின்றான். அன்றைய அதிகாரியும் பாடத்தான் சொன்னான். எலோய்க்கு முதல் வரியே வரவில்லை. யெசேனியா இதே மரத்தில் சாய்ந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி தலையை நிமிர்த்தினாள்.

"அவர விட்டுருங்க சார். அவருக்குப் பாட வராது. நான் பாடுறேன்."