நூற்றுப் பதின்மூன்றாவது முதுகு

முதுகெலும்பு தரையில் விழுந்து சிதறியதற்குக் காரணம் வேறு யாருமில்லை, முதுகெலும்பு டாக்டரேதான். விளக்கிச் சொல்வதற்காக மேசைமேல் நின்ற பிளாஸ்டிக் மாதிரியைத் தன் பக்கம் இழுத்தார். கம்பி கழன்றது. இருபத்து நான்கு எலும்புகளும் தெறித்தன; பெரும்பாலானவை கட்டிலுக்கு அடியிலும் எடைக் கருவிக்குப் பின்னாலும் ஓடி ஒளிந்துகொண்டன. தாங்கியின் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று நர்ஸ் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் மூன்று மாதமாக "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அந்த ஆஸ்பத்திரியில் அவர் இல்லாத நேரத்தில் அவருக்கு வழங்கும் பெயரே 'திருகாணி'தான்.

எதிரே சக்கர நாற்காலியில் இருந்த அம்மாள் குனியவில்லை. குனிய முடியாது. சலவைக்கடையில் முப்பது வருஷம் நின்றபடியே இஸ்திரி போட்ட முதுகு அது. நான்கு மாதத்துக்கு முன்னால் அதற்குள் நான்கு திருகுகளையும் இரண்டு கம்பிகளையும் வைத்துத் தைத்து மூடியவர் டாக்டர்தான். இப்போது திருகுகள் பிடிப்பு விட்டுவிட்டன. ஒரு வாரமாக வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வருகிறது.

பஸ் டிரைவரான அவள் கணவர் அதற்குள் மண்டியிட்டு எலும்பு பொறுக்க ஆரம்பித்துவிட்டார். "டாக்டர், இது மேல வர்றதா, கீழ வர்றதா?"

"எதுவா இருந்தா என்ன, அள்ளிப் போடுங்க. பஸ்ஸுலயும் எது எங்க ஏறுச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சதே இல்ல" என்றாள் அவள்.

"ஏறுனதெல்லாம் பத்திரமா எறங்குச்சில்ல?"

வேறொரு நாளாக இருந்தால் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இன்று உதடு மட்டும் விரிந்தது, அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

ஏழு வருஷ ஆராய்ச்சி அவருடையது. நாற்பது பக்கக் கட்டுரையைப் பிழிந்தால் சொட்டுவது ஒரே வரிதான்: எலும்பு எவ்வளவு கெட்டி என்று அளந்து பார்க்காமல் முதுகில் திருகு வைக்காதே. இதைச் சொல்ல நூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள், ஆளுக்கொரு படிவம். படிவத்தின் ஏழாவது கட்டம் எலும்பு அடர்த்தி. அந்தக் கட்டம் காலியாக வந்தால் ஜூனியரைக் காய்ச்சி எடுத்துவிடுவார். மற்ற டாக்டர்களையும் விட்டுவைத்ததில்லை. இவர் தலையைக் கண்டாலே கான்டீனில் பாதிப் பேர் டீயை மடமடவென்று குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இந்த அம்மாள் நூற்றுப் பதின்மூன்றாவது. அவள் வந்த வாரம் அளக்கும் கருவி படுத்துவிட்டது. பழுது பார்க்க நான்கு நாளாகும் என்றார்கள். மூன்றாவது நாள் இவருக்கு விமானம். எங்கே? இதே ஆராய்ச்சியைப் பற்றிப் பேசப்போகும் மாநாட்டுக்கு. அம்மாளின் தோளைத் தட்டிப் பார்த்தார். "எட்டு கிலோ இஸ்திரிப் பெட்டியத் தூக்கற கை. உங்க எலும்பு இரும்பும்மா" என்றார். ஏழு வருஷ விஞ்ஞானத்தில் அவள் பங்குக்குக் கிடைத்தது அந்த ஒரு தட்டல்தான்.

அதைக்கூட மன்னித்துக்கொள்ளலாம். முதல் திருகைத் திருப்பினாரே, அதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. நல்ல எலும்பு கையோடு மல்லுக்கட்டும், மணிக்கட்டு வலிக்கும். இது டீயில் ஊறிய பிஸ்கட்டுக்குள் போவதுபோல் போயிற்று. மூளைக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எலும்பு சிமெண்ட் வரவழைத்திருக்கலாம். கண் கடிகாரத்துக்குப் போனது. "பிடிக்குது" என்றார் சத்தமாக. ஜூனியர் தலையாட்டினான். தலையாட்டுவதற்குத்தானே அவன் இருக்கிறான். மறுநாள் மாநாட்டில் கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

போன வாரம் ஒருவழியாக அவள் எலும்பை அளந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூட இவ்வளவு மோசமான எலும்பு இல்லை.

அன்றிலிருந்து கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். துறைத் தலைவர், "நூத்துல அஞ்சு பேருக்கு இப்படி ஆகறதுதான்பா" என்றார். ஜூனியர், "நீங்க எத்தன பேர நடக்க வெச்சிருக்கீங்க சார்" என்றான். மனைவி, "மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். குளியலறைக் கண்ணாடியிடம்கூடக் கேட்டுப் பார்த்தார். அதுவும் மரியாதை தெரிந்த கண்ணாடியாக இருந்தது.

"இருபத்து மூணு" என்றார் டிரைவர், எலும்புகளை மேசையில் குவித்து. "ஒண்ணு கொறையுது."

டாக்டர் இழுப்பறையைத் திறந்தார். நான்கு மாதமாக நிரப்பவும் துணியாமல் கிழிக்கவும் துணியாமல் வைத்திருந்த படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். 

"இந்தக் கட்டம் காலியா இருக்கு பாருங்கம்மா. உங்களுக்கு நான் அளக்கல. அவசரம். ஊருக்குப் போகணும்னு அவசரம். திருகு வைக்கறப்பவே பிடிக்கலன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் மூடிட்டேன்." மூச்சு வாங்கியது. "மறுபடி தெறக்கணும். தள்ளிப்போட்டா கால் போயிடும். இந்தத் தடவ இன்னும் கஷ்டம், பிடிக்கறதுக்கு எலும்பு மிச்சமில்ல. நல்லா நடப்பீங்கன்னு என்னால சத்தியமா சொல்ல முடியாது. வேற டாக்டர் வேணும்னா பேர் எழுதித் தர்றேன், நானே கூட வந்து..."

மண்டியிட்ட இடத்திலிருந்து டிரைவர் மெதுவாக எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் எதையும் சமாளித்துப் பேசும் பழக்கம் விடவில்லை. "விடுங்க டாக்டர். வேணும்னேவா பண்ணீங்க? எங்க நேரம்..."

"உங்க நேரமில்லண்ணா!" குரல் உடைந்து வெளியே வரிசை வரைக்கும் கேட்டது. கதவைத் திறந்து பார்த்த நர்ஸ் உடனே மூடிவிட்டாள். டாக்டர் அம்மாளின் பக்கம் திரும்பினார். தான் கெஞ்சுவது தன் காதிலேயே விழுந்தது. "நீங்களாவது சொல்லுங்கம்மா. என் தப்பா?"

அவள் தன் வலது காலைப் பார்த்தாள். ஒரு கையால் அதைத் தூக்கி மிதிபலகையில் நேராக வைத்தாள்.

"முப்பது வருஷத்துல மூணு சட்ட கருக்கியிருக்கேன்" என்றாள். "மூணையும் நானே எடுத்துட்டுப் போய் அவங்கவங்க வீட்டுல காட்டினேன். ரெண்டு பேர் 'பரவால்ல'ன்னு சொன்னாங்க. எனக்குத் தூக்கமே வரல. ஒருத்தர் கண்டபடி திட்டினார். அன்னிக்குத்தான் தூங்கினேன்."

பிறகு டாக்டரை நேராகப் பார்த்தாள்.

"ஆமா. உங்க தப்புதான்."

மூடியிருந்த கையை அவள் விரித்தாள். எல்லாவற்றுக்கும் முதலில் உருண்டு அவள் மடியில் விழுந்த எலும்பு உள்ளங்கை வியர்வையில் பளபளத்தது. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த எலும்பை ஏழாவது கட்டத்தின் மேல் நிற்க வைத்தாள். அது ஒருமுறை ஆடியது.