ஒரு தட்டு என்றால் உள்ளே

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு மாடி ஜன்னலிலிருந்து கிடைத்தது. கீழ்வீட்டு அச்சகக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்வாசல் சிமெண்ட் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை முறுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற மனைவியின் கை அவர் முதுகில் இருந்தது. இந்த வயதிலும் என்ன ஒட்டுதல் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன.

2

முதல் தொடக்கம்: "சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் சிலிண்டர், பிஸ்டன், வளையங்கள், கேஸ்கட்..." (அடித்துவிட்டேன். உதிரிபாகக் கடை அலமாரி மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: "காது மந்தமாகிவிட்டது என்பது அவரைத் தவிர எல்லோருக்கும்..." (பொய். அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் மனிதர் கெட்டிக்காரர்.)

இருபத்தெட்டு வருடம் அச்சு இயந்திரங்களின் நடுவே நின்ற காது. "தண்ணி மோட்டாரை நிறுத்துங்க" என்று மனைவி கத்தினால், "ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்துத் தலையாட்டுவார்.

பெட்ரோல் கலவையில் காற்று கூடினால் எஞ்சின் சத்தம் காய்ந்துபோய்க் கிணுகிணுக்கும். காது கேட்கிறவர்கள் வண்டியை நிறுத்திவிடுவார்கள். போன வருடம் அவருக்குக் கேட்கவில்லை. ஓட்டத்திலேயே பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது, பின்சக்கரம் நின்றுவிட்டது, முழங்கைத் தோல் உரிந்ததோடு தப்பித்தார்.

"ஆயில் சரியில்ல" என்றார்.

"ஆமாங்க, ஆயில்தான்" என்று மருந்து போட்டாள்.

அன்றிலிருந்து இந்தக் கை. கார்புரேட்டரின் காற்று ஸ்க்ரூவை அவர் திருக, அவள் கேட்பாள். ஒரு தட்டு என்றால் உள்ளே. இரண்டு என்றால் வெளியே, காற்று கூடும். உள்ளங்கை படிந்தால் போதும். அவள் தையல்காரி, ஊசி மழுங்குவதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவள். இப்படியொரு ஏற்பாடு எப்படி வந்தது என்று மாடிப்படியில் கேட்டேன். "தானா வந்துச்சு. நாங்க அதப் பத்திப் பேசுனதே இல்ல" என்றாள்.

வேலை முடிந்ததும் அவர், "பாத்தியா, நம்ம காது இன்னும் காதுதான்" என்பார்.

"பின்ன?" என்பாள் அவள்.

3

முடிவுகள்.

(அ) டாக்டர், காதுக்கருவி, கண்ணீர். (எழுதிப் பார்த்தேன். அடுத்த நாள் படியில் அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.)

(ஆ) அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். வளைவில் பின்சக்கரம் சட்டென்று

(இல்லை. எழுதமாட்டேன். இருவர் மேலும் பிரியம் வந்துவிட்டது, அதை மறைப்பானேன்.)

அவளுடைய பயமும் அதுதான். "நான் வீட்ல இல்லாத அன்னைக்கு இவரே திருகிட்டு ரோட்டுக்குப் போயிட்டார்னா? சத்தம் எப்படி இருக்குன்னு வாயத் திறந்து என்கிட்ட ஒரே ஒரு தடவ கேட்டுட்டா போதும், எனக்குத் தைரியம் வந்துடும்" என்று சொல்லியிருந்தாள்.

4

நேற்று வரை கதை இங்கேதான் முட்டிக்கொண்டு நின்றது. இன்று காலை அவளே மேற்கொண்டு எழுதிவிட்டாள்.

தேய்ந்துபோன சிலிண்டரை இந்த வாரம் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டாயிற்று. எஞ்சின் ஓடுகிறது. முதுகில் கை. ஒரு தட்டு, அவர் உள்ளே திருகுகிறார். இன்னொரு தட்டு. பிறகு அவள் கையை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

அவர் வெளியே அரைச் சுற்று திருகுகிறார். பிறகு கால் சுற்று. முறுக்கிய கைப்பிடியை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்கவில்லை. சத்தம் காய்கிறது. மாடியில் நிற்கும் எனக்கே அது கேட்கிறது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.

திருப்புளி நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரலில் கேட்டார்:

"உன் கை எங்க?"

அவள் கண் நிறைந்துவிட்டது. கட்டிய கை இன்னும் அவிழவில்லை. எனக்கு மாடியிலிருந்து அவர் முதுகு எட்டாது, வாசகரே. புதுப் பிஸ்டன் சூடேறிக்கொண்டிருக்கிறது, ரொம்ப நேரம் தாங்காது. ஒரு தட்டு என்றால் உள்ளே.

கையை வையுங்கள்.