நாய் குரைக்காத பிரதி

ஸ்டூடியோவில் அவளைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். படங்களுக்கு ஒலி சேர்ப்பவள். கதவு கிறீச்சிடுவதை வைத்தே எந்தக் கதவு என்று சொல்லிவிடுவாள் என்றொரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை, மீதி கேன்டீனில் கட்டிவிட்டது.

வெளியீட்டுக்கு முன்னால் புதுப்படத்தை நாலு இடங்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிரதியிலும் அவள் ஒரு விஷமம் செய்தாள். நாயகன் வீடு திரும்பும் காட்சியில் தூரத்தில் ஒரு நாய் குரைக்கும். தணிக்கைக்குப் போனதில் ஒருமுறை, விநியோகஸ்தருக்கு இருமுறை, சப்டைட்டில் எழுதுபவருக்கு மும்முறை, தயாரிப்பாளருக்கு நான்குமுறை. யார் கைவழியாகப் படம் களவு போனாலும் நாய் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ரகசியம் அவளுக்கும் தயாரிப்பாளருக்கும் மட்டுமே தெரியும்.

அப்படியும் படம், திருட்டுப் படம் போடும் அந்த இணையதளத்தில் ஏறிவிட்டது. சப்டைட்டில்காரர் வேலைதான் என்று தயாரிப்பாளர் ஒற்றைக்காலில் நின்றார். போன வாரம் தன்னோடு வாய்ச்சண்டை போட்ட ஆளாயிற்றே. போலீசுக்கும் சொல்லியாயிற்று. நாய் எத்தனைமுறை குரைக்கிறது என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லி அவளை அறைக்குள் அனுப்பினார். வெளியே பெஞ்சில் சப்டைட்டில்காரர் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார்.

தளத்தைத் திறந்ததும் வந்த வேலையே அவளுக்கு மறந்துபோயிற்று. இத்தனை வருஷம் வாய் ஓயாமல் திட்டியிருக்கிறாளே தவிர உள்ளே எட்டிப்பார்த்ததில்லை. வெட்கங்கெட்டவர்கள், ஒரு மூலையில் தங்கள் வரலாற்றையே எழுதி வைத்திருந்தார்கள்! கல்லூரிப் பிள்ளைகள் சிலர் பாடக்குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய இடமாம். அப்புறம் பாட்டு, அப்புறம் படம். நீதிமன்றம் மூடச் சொன்னதும் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி மறுபடி கடை விரித்தார்கள். மாற்றி மாற்றி, இப்போதிருக்கும் பெயரை வாய்விட்டுப் படிக்கவே முடியவில்லை. படம் தளத்திலேயே இல்லையாம். பார்ப்பவர்களின் கணினிகளே துண்டு துண்டாக ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்கின்றனவாம். என்ன மூளைடா என்று அவளுக்கு ஆச்சரியம் தாளவில்லை.

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் காட்சிக்குப் போனாள். நாயகன் நடந்தான். நாய் குரைக்கவில்லை. திரும்ப ஓட்டினாள். ஒரு சத்தமும் இல்லை.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். நாயைச் சேர்ப்பதற்கு முன் எடுத்த பிரதி ஒன்றே ஒன்றுதான். திரையில் மகளின் பெயரைப் பார்க்க வேண்டும் என்று அம்மா நச்சரித்ததால் அவளே பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோனது.

அம்மாவுக்குப் போன் போட்டு, அந்தப் பென்டிரைவை யாரிடமாவது கொடுத்தாயா என்று கேட்டாள்.

"தூரத்துல இருக்கற உங்க அக்காவும் பாக்கட்டுமேன்னு போன் கடைக்காரர்கிட்ட குடுத்தேன். அவர்தான் அனுப்பி வைக்கறேன்னாரு," என்றாள் அம்மா. "அவளும் பாத்துட்டா. ஆனா உன் பேரே வரலையாமே, ஏன்டி?"

படத்தைக் கடைசிக்கு ஓட்டினாள். கதை முடிந்த கையோடு திரை கறுத்துவிட்டது. கோப்பின் அளவைக் குறைக்க யாரோ பெயர்களை மொத்தமாக வெட்டியிருந்தார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெளியே வந்தாள். தயாரிப்பாளர் ஆவலாக நிமிர்ந்தார். மூன்று என்று சொன்னால் போதும், அவளை யாரும் சந்தேகப்படப் போவதில்லை. பெஞ்சிலிருந்தவர் தலையே தூக்கவில்லை.

"எத்தனை தடவைம்மா?"

"குரைக்கவே இல்ல சார். அது நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது. என் பேரைத்தான் வெட்டிட்டாங்க."