பொன்னையாவின் தகடு

"அன்னிக்கு நீங்க வேலைக்கே வரலன்னு எழுதிக் கொடுங்க, பொன்னையாண்ணே."

எதை வேண்டுமானாலும் கேள், தகட்டுச் சங்கதியை மட்டும் எந்த ஆளிடமும் கேட்காதே என்று, கமலவேணி சேர்ந்த அன்றே சொல்லிவைத்திருந்தார் செயலாளர் மாணிக்கவாசகம். காஜா பேராங் வட்டாரத்தில் இருந்த அந்தத் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில், அடிபட்டவர்களுக்கு நஷ்டஈட்டு மனு எழுதுவது அவள் வேலை. குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வாயைக் கட்டிப்போடத் தெரியாத ஆளும்கூட.

நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் தொங்கான் படகுகளில் வேலை செய்ய, ஆளுக்கொரு எண் தகடு வேண்டும். கோயில், கல்யாணம் என்று ஒருவர் போனால், தகடில்லாத இன்னொருவர் அதை மாட்டிக்கொண்டு இறங்குவார். ஆட்களை மேய்க்கும் மண்டோரும் கண்டுகொள்ள மாட்டார். மாசி மகத்தன்று பொன்னையா சன்னாசிமலைக்குக் காவடி எடுத்துப் போனார். அவர் தகட்டில் போன கலியாணசுந்தரத்தின் வலது கை, கப்பலுக்கும் தொங்கானுக்கும் நடுவே நசுங்கிப்போனது. கம்பெனிக் கணக்கில் அன்று வேலை செய்தவர் பொன்னையா. அவருக்கோ இரண்டு கையும் முழுசாக இருந்தன. கலியாணசுந்தரத்தின் மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

"அறிவிருக்கா ஒனக்கு?" மாணிக்கவாசகம் எழுந்தேவிட்டார். "எழுதிக் கொடுத்தா கம்பெனிக்காரன் இவன் தகட்டப் புடுங்கிருவான். அப்புறம் ஒவ்வொருத்தனா நோண்டுவான் லா. மெர்டேக்கா, சுதந்திரம்னு வந்துட்டா அவன் ஒனக்கு மாமனாயிருவானா?"

"ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டுப் போனீங்களே சார், அத உரிக்க அவருக்குக் கை இருக்கான்னு பாத்தீங்களா?"

பொன்னையா நழுவிவிடுவார் என்றுதான் கமலவேணி நினைத்தாள். அவரோ மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"எழுதும்மா. கைநாட்டு வைக்கிறேன்."

"பொண்டாட்டி புள்ளைய நெனச்சுப் பாருடா!"

"அஞ்சலைதான் சார் அனுப்புனா. 'முருகனுக்குக் காவடி எடுத்துட்டு வந்து ஊமையாட்டம் ஒக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல'ங்கிறா. மத்தவன் தகட்டப் பத்திக் கேட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். இது நான் குடுத்தது."

கோபப்படத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் இருந்தவள் கமலவேணி. வேலை போய்விடும் என்று தெரிந்தே கட்டைவிரலை அழுத்தி ஊன்றிய மனிதரை நிமிர்ந்து பார்த்தாள். பட்டமளிப்பு மண்டபத்துக் கறுப்பு அங்கிகள் எதிலும் இந்தக் கம்பீரத்தில் பாதியைக்கூட அவள் கண்டதில்லை.

"அதக் கொண்டுபோய்க் கொடுத்தா, நாளைக்கு இந்தப் படி ஏறாத," என்றார் செயலாளர்.

அவர் சொல்லி முடிக்குமுன்பே அவளிடமிருந்த அலுவலகச் சாவி மேசைமேல் கிடந்தது.

"வாங்கண்ணே, லேபர் ஆபீஸ் சாத்துறதுக்குள்ள போயிருவோம்," என்று படியிறங்கினாள் கமலவேணி.